ஷிப்ட் ஜுரம் வந்ததா?

சோதனைப் பிளேட்டை எப்படிக் கழுவுவது, ரீடரில் எப்படி வைப்பது என்பதையெல்லாம் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள். நான் எழுத நினைப்பது அதற்குப் பிறகு வரும் கொஞ்ச நேரத்தைப் பற்றி. எண்கள் திரையில் வந்துவிட்டன. வேறு யாரும் இன்னும் பார்க்கவில்லை. அவற்றில் ஒன்று உங்களுக்குப் பிடிக்கவில்லை. அப்போது கை எங்கே போகிறது என்பதில்தான் இந்த வேலை இருக்கிறது. எனக்கு அப்படி ஒரு வாரம் வாய்த்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வாரத்தை நினைத்தால் உட்கார முடியவில்லை. எழுந்து இரண்டு நடை நடந்துவிட்டுத்தான் வந்து எழுதுகிறேன்.

பெங்களூரில் எங்கள் ஆய்வகத்தில் அப்போது ஒரு மலேரியா தடுப்பூசி முதல் கட்டச் சோதனையில் இருந்தது. தன்னார்வலர்களுக்கு ஊசி போட்டாகிவிட்டது. அவர்கள் ரத்தத்தில் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி எவ்வளவு உருவாகியிருக்கிறது என்று அளப்பது என் பொறுப்பு. பிளேட்டின் சின்னக் குழிகளில் கிருமியின் புரதம் ஒட்டியிருக்கும். அதில் ரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தை விட்டு நிறமேற்றினால், ஆன்டிபாடி உள்ள குழி மஞ்சளாகும். அதிகம் இருந்தால் மஞ்சள் அடர்த்தியாகும். சரி, எவ்வளவு மஞ்சள் இருந்தால் தடுப்பூசிக்கு உடல் பதில் சொன்னது என்று சொல்லலாம்? அதற்கு ஒரு கோடு வேண்டும். மலேரியாவே வராதவர்களின் சீரத்தையும் அளந்து, அவர்கள் காட்டுவதற்கு மேலே போதிய இடைவெளி விட்டு அந்தக் கோட்டைக் கிழிப்போம்.

அந்த 'வராதவர்களை' எங்கே தேடுவது என்ற பேச்சு வந்தபோது, எங்கள் ஊரைச் சொன்னது நான்தான். கோலார் தங்க வயல். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடும் முள்ளும் காய்ந்த காற்றும். தண்ணீருக்கே வழியில்லாத இடத்தில் மலேரியாக் கொசுவுக்கு என்ன வேலை என்று சொன்னேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் பிரிவின் தலைவரான மேடமும் தலையாட்டினார். என்னைவிட வயதில் இளையவர். அவரும் எங்கள் ஊர்தான். ஆனால் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பிறந்த என்னைப் போல அல்ல. கனரகத் தொழிற்சாலையில் வேலைக்கு வந்த குடும்பம், குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பியன் ரீப்ஸ் சுரங்கப் பகுதியில் முகாம் போட்டோம். நாற்காலி போட்டு, ஊசியை எடுத்ததும் வரிசை பின்வாங்கியது. மேடம் போய் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"பாருங்கய்யா, பேக்டரி வூட்டுப் பொண்ணு குடுக்குது. பத்தாயிரம் அடி கீழ போய் வந்த ஆம்பளைங்க நீங்க, ஊசிக்கு நடுங்குறீங்க!" என்று யாரோ ஒரு அம்மா சத்தம் போட்டாள். அதன் பிறகு வரிசை நகர்ந்தது.

ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: உங்களுக்கு எப்போதாவது மலேரியா வந்ததா? தாஸ் அண்ணன், எங்கள் லைனில் நாலு வீடு தள்ளி இருப்பவர், பழைய சுரங்கத் தொழிலாளி, அதைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார்.

"மலேரியாவா? வருவாங்களே! மருந்து அடிச்சுட்டு, செவுத்துல தேதி எழுதிட்டுப் போவாங்க. எங்க வூட்டுல புதுசா சுண்ணாம்பு அடிச்ச அன்னிக்கே வந்து கிறுக்கிட்டுப் போனான் ஒருத்தன்."

"அந்த மலேரியா இல்லண்ணா. ஜுரம். மலேரியா ஜுரம்."

"அதெல்லாம் நம்ம ஊர்ல ஏதுப்பா."

சிரித்தோம். 'இல்லை' என்று குறித்தேன். எல்லோருக்கும் 'இல்லை' என்றே குறித்தேன். குப்பிகளுக்கு எண் ஒட்டிய பிறகு, எந்த எண் யாருடையது என்ற விவரம் எங்கள் புள்ளியியல்காரர் ஸ்ரீதரிடம் மட்டும் போனது. எனக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. முறை அது.

இனி அந்த வாரம். வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து நிபுணர் குழு வரவிருந்தது. தடுப்பூசி அடுத்த கட்டத்துக்குப் போகுமா, நிறுத்துவதா என்று அவர்கள் சொல்வார்கள். அந்தப் புரதத்தை உருவாக்கி வளர்த்தவன் பிரகாஷ். அவனும் எங்கள் ஊர், ஆண்டர்சன்பேட்டைப் பையன், என்னோடு ஒரே ரயிலில் போய் வருவான். அவனுடைய இளமையில் பாதி அந்தக் குப்பிக்குள் இருந்தது. வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால்கூட, "டிரையல் முடியட்டும்" என்பான்.

திங்கட்கிழமை பிளேட்டைப் படித்தோம். மலேரியா வராதவர்களின் சீரங்கள் வெளிறிப்போய் இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று, தடுப்பூசி போட்டுக்கொண்ட பலரைவிட அடர்ந்த மஞ்சள். அது ஒன்றே கோட்டை மேலே தூக்கிவிட்டது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜில் ஒருவன் மட்டும் குனியாமல் நின்றால், அவனுக்காகக் கூரையையே உயர்த்த வேண்டியிருக்கும் அல்லவா, அப்படி. உயர்ந்துபோன கோட்டைத் தன்னார்வலர்களில் பாதிப்பேர்கூடத் தாண்டவில்லை. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் பெரும்பாலோர் தாண்டுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி ஓட்டினேன். அதே மஞ்சள். சில சீரங்கள் எதைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டதோ என்று புரதம் பூசாத பிளேட்டிலும் வைத்துப் பார்த்தேன். அங்கே வெளிறிப்போய்ச் சாதுவாக இருந்தது. ஆக, அது மலேரியாப் புரதத்தைத்தான் அடையாளம் கண்டுகொண்டது.

"இன்னா சார், ஒரே ஒரு குழி," என்றான் பிரகாஷ். "கணக்குல சேராத அவுட்லையர்னு போட்டுத் தூக்கிடலாம். யாரு கேக்கப்போறாங்க?"

மேடம் பின்னால் நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

"இதே மஞ்சள் தடுப்பூசி போட்டவங்க பக்கம் வந்திருந்தா அவுட்லையர்னு தூக்கியிருப்பியா? இல்ல, முதல் ஸ்லைடுல போட்டிருப்பியா?"

பிரகாஷ் பிளேட்டை எடுத்து மூடி வைத்தான்.

"தூக்கணும்னா காரணம் இந்தப் பிளேட்டுக்கு வெளியிலேர்ந்து வரணும்," என்று என்னிடம் திரும்பினார். "சார், நீங்க ஊருக்குப் போய் எல்லாரையும் மறுபடி கேளுங்க. எல்லாரையும். யாரோடது இந்த நம்பர்னு உங்களுக்குத் தெரியாது. அது நல்லதுதான். தெரிஞ்சா அந்த ஒருத்தரை மட்டும் வேற மாதிரிக் கேட்பீங்க."

இந்த இடத்தை நீங்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். அந்தச் சீரம் மலேரியா வந்தவருடையதாக இருந்தால், அதை நீக்குவது சரி. பிரகாஷ் நீக்கச் சொன்னதும் அதே சீரத்தைத்தான். செயல் ஒன்றுதான், ஆனால் காரணம் விடைக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு லைன் லைனாக அலைந்தேன். சாம்பியன் ரீப்ஸ் முடித்து நந்திதுர்க் போனேன், அங்கிருந்து ஆண்டர்சன்பேட்டை. எங்கும் ஒரே பதில். மலேரியாவா, இல்லையே. யார் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. நின்றபடி கேட்டு, நின்றபடி கிளம்பி, கடைசியில் தாஸ் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றேன்.

"எத்தினி தபா கேப்பே? அதான் வரலன்னு சொன்னேன் இல்ல," என்றார் அவர்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஷிப்ட் ஜுரம் வந்துச்சே, அத்த சொல்றது!"

"அது வேற, இது வேற. நீ சும்மா இரு."

"இன்னா அது, ஷிப்ட் ஜுரம்?" என்றேன்.

"மைன் மூடினப்புறம் டனல் வேலைக்குப் போனோம் இல்ல, காட்டுக்குள்ள. அங்க வந்துச்சு. மத்தியானம் கரெக்டா செகண்ட் ஷிப்ட் டைமுக்கு வரும் பாரு, கம்பளி நாலு போத்தினாலும் நடுக்கம் நிக்காது. அப்பால வேர்த்துக் கொட்டி எறங்கிடும். மறுநாள் ஆஃப். அதுக்கு மறுநாள் மறுபடி டூட்டிக்கு வந்துடும். எங்க மேஸ்திரி சொல்வான், 'உங்க ஜுரம் உங்கள விட ஒழுங்கா டூட்டிக்கு வருதுடா'ன்னு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரோடு வரும் காய்ச்சல். பழைய மருத்துவர்கள் காய்ச்சல் வந்த நாளையும் சேர்த்து எண்ணியதால் இதை மூன்றாம் நாள் காய்ச்சல் என்றார்கள் என்று நான் எத்தனையோ நூல்களில் படித்திருக்கிறேன். எங்கள் தடுப்பூசி குறிவைத்ததும் இந்த வகை மலேரியாவைத்தான். எங்கள் ஊரில் மலேரியா என்றால் மருந்தடிக்க வருகிற ஆள். ஜுரத்துக்கு வேறு பெயர் இருந்தது. என் தந்தை மூன்று ஷிப்டும் பார்த்தவர். ஷிப்ட் என்ற சொல்லை நான் பால் குடிக்கும்போதே கேட்டவன். அந்தச் சொல் முகாமில் நான் குறித்த தாளில் இல்லை.

உடனே எல்லா வீட்டுக்கும் திரும்ப ஓடத் தோன்றியது. ஓடினேன். ஆனால் முதல் வீட்டு வாசலிலேயே இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. 'ஷிப்ட் ஜுரம் வந்ததா' என்று நானே சொல்லை எடுத்துக் கொடுத்தால், என் முகத்தைப் பார்த்தே ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அதனால், "பெரிய ஜுரம் எப்பவாவது வந்ததா? எப்படி வந்துச்சு, எப்படிப் போச்சு?" என்று மட்டும் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த ஜுரத்தை அவர்களாகவே சொன்னால்தான் கணக்கு. தாஸ் அண்ணனோடு சேர்த்து மூன்று பேர் அப்படிச் சொன்னார்கள். மூன்று பேரும் டனல் வேலைக்குப் போனவர்கள்.

கன்னியம்மா அக்கா மட்டும் என்னைக் கலங்கடித்துவிட்டார். முகாமில் சத்தம் போட்டு வரிசையை நகர்த்தியவர் அவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி வாடிக் கீது? உனுக்கு எது ஆவும், சொல்லு. வந்துச்சுன்னா ஆவுமா, வரலன்னா ஆவுமா? அதையே சொல்லிடறேன்."

"நெஜத்தைச் சொல்லுங்கக்கா."

"நெஜம் யாருக்கு ஞாபகம் கீது? எத்தினியோ ஜுரம் வந்துச்சு, போச்சு. நீ நல்லா இருக்கணும், அவ்ளோதான்."

அவர் பெயருக்கு நேரே 'தெரியாது' என்று எழுதினேன்.

வியாழக்கிழமை காலை மூன்று பெயர்களை ஸ்ரீதரிடம் கொடுத்தேன். கன்னடக்காரர்; ஆனால் எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"மூணு பேரையும் எடுத்தாச்சு சார். கோடு எறங்கவே இல்ல. அந்தப் பெரிய மஞ்சள் இன்னும் உள்ளேயே இருக்கு."

ஷிப்ட் ஜுரம் வந்தவர்களின் சீரம் வெளிறிப்போய் இருக்கிறது. மஞ்சளானது வேறு யாருடையதோ. பழைய ஜுரத்தின் தடயம் சிலர் உடம்பில் தங்கும், சிலருக்குத் தங்காது. அது தெரிந்ததுதான். ஆனாலும் நான் மனதுக்குள் ஏற்கெனவே முடிவு எழுதி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"இன்னொண்ணு சார்," என்றார் ஸ்ரீதர். "எல்லாரையும் கேக்கணும்னு மேடம் சொன்னாங்க. ஒரு ஆளை நீங்க கேக்கவே இல்ல."

"யாரு?"

"மேடம். முகாம்ல முதல் ரத்தம் அவங்களுதுதானே? நம்பர் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ஒரு ஆள் பாக்கி, அவ்ளோதான்."

மேடத்தின் அறைக்குப் போகும்போது பிரகாஷும் கூடவே வந்துவிட்டான். எல்லோரிடமும் கேட்டதைப் போலவே கேட்டேன். பெரிய ஜுரம் எப்பவாவது வந்ததா? எப்படி வந்தது? அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"நான் ரொம்பச் சின்னப் பிள்ளையா இருந்தப்போ, ஒரு அணைக்கட்டு வேலைக்கு மெஷின்களோட அப்பாவை அனுப்பினாங்க. ஒடிசா பக்கம், காட்டுக்குள்ள. நாங்களும் போனோம். அங்க எனக்கு ஜுரம் வந்துச்சுன்னு வீட்ல சொல்வாங்க. என்ன ஜுரம்னு எனக்கு ஞாபகம் இல்ல."

"காடு, அணை, ஜுரம்!" பிரகாஷ் கிட்டத்தட்டக் கத்தினான். "இன்னும் இன்னா மேடம் வேணும்? மலேரியாதான். ஆமான்னு சொல்லுங்க, முடிஞ்சுது."

மேடம் என்னைப் பார்த்தார். "கன்னியம்மா அக்கா ஆமான்னு சொல்லவும் தயாரா இருந்தாங்கன்னு காலையில சொன்னீங்களே. ஏன் எழுதல?"

"உனக்கு எது ஆகும்னு கேட்டுட்டுச் சொன்னாங்க மேடம். அதான்."

"அவங்களாவது உங்களைக் கேட்க வேண்டியிருந்துச்சு. எது ஆகும்னு எனக்கே தெரியும், யாரையும் கேட்க வேண்டாம். தெரியாதுன்னு எழுதுங்க."

மேடத்தின் பெற்றோர் இருவரும் உயிரோடு இல்லை. கேட்க ஒரே ஒருவர் இருந்தார், அவருடைய அண்ணன். பிரகாஷ் இந்தச் சம்பவம் கோடையில் நடந்தது என்று இப்போதும் சாதிப்பான். இல்லை. அண்ணன் சபரிமலைக்குப் போயிருந்தார், போன் கிடைக்கவில்லை. ஆகவே மார்கழியாகத்தான் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவார் என்றார்கள்.

"ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லலாமே மேடம்."

"என்ன சொல்லித் தள்ளி வைக்கிறது? எங்களுக்குப் பிடிச்ச பதில் மலையிலேர்ந்து இறங்கிக்கிட்டிருக்குன்னா?"

வெள்ளிக்கிழமை அவர் எதையும் மறைக்கவில்லை. காரணம் கிடைத்த மூன்று சீரங்களை நீக்கியதையும், காரணம் கிடைக்காத ஒன்று உள்ளே இருப்பதையும், அதனால் கோடு உயரத்தில் நிற்பதையும் சொன்னார். முகாமில் நாங்கள் கேட்ட கேள்வியே தவறு என்பதையும் சொன்னார். குழு வெகுநேரம் விவாதித்தது. இந்த அளவீட்டை வைத்து அடுத்த கட்டம் போக முடியாது. கோட்டுக்குப் புதிதாகச் சீரம் எடுத்து, எல்லாவற்றையும் திரும்ப அளந்துவிட்டு வாருங்கள் என்றது. நிறுத்தவில்லை. ஆனால் நிறுத்தியதைப் போலத்தான் இருந்தது.

அன்று மாலை ரயிலில் பக்கத்து இடம் காலியாக இருந்தும் பிரகாஷ் உட்காரவில்லை. கதவருகே நின்றான். பங்காரப்பேட்டை தாண்டியதும் நான் எழுந்து போனேன்.

"அவங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும் சார். ஒரே ஒரு வார்த்தை. பொய்கூட இல்ல."

இன்றும் அதற்கு முழுப் பதில் என்னிடம் இருப்பதாக நினைக்காதீர்கள். மேடம் சொல்லியிருக்கக்கூடிய 'ஆமாம்' உண்மையாகவே இருந்திருக்கலாம். அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மேடத்திடம் சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். தாடியோடு பிரசாத டப்பாக்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். எதற்கென்று சொல்லாமல், எங்கள் ஊர்ப் பழங்கதைகளை அவ்வப்போது எழுதுகிறவன் என்ற உரிமையில் அந்த அணைக்கட்டு நாட்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். வேலை, காடு, யானை எல்லாம் வந்தது. பிறகு நான் கேட்காமலே வந்தது.

"ஜுரம்லாம் எங்க தங்கச்சிக்குத்தான். ஒருநாள் விட்டு ஒருநாள். ஜுரம் வர்ற அன்னிக்கு என் பங்கு பிஸ்கட்டும் அவளுக்குப் போயிடும். சரி, ஜுரம் இல்லாத அன்னிக்காவது எனக்குத் திருப்பித் தரணுமா இல்லையா? தர மாட்டா! அதனால நான் நாளை எண்ணிக்கிட்டே இருப்பேன் சார், இன்னிக்கு எனக்கா அவளுக்கான்னு."

பிஸ்கட்டை இழந்த அண்ணனைவிட நம்பகமான சாட்சி யார்?

திங்கட்கிழமை இதைச் சொன்னதும் மேடம் வாய்விட்டுச் சிரித்தார். "பாவி, இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கான்!" பிறகு, "இப்போ எழுதிக்குங்க. என் சீரத்தையும் வெளிய எடுங்க. ஆனா பழைய எண்ணை வெச்சுத் திரும்பக் கோடு கிழிக்க வேண்டாம். புதுசா எடுப்போம்" என்றார். அந்த அடர்ந்த மஞ்சள் அவருடையதுதானா என்று ஸ்ரீதர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குழந்தைப் பருவத்தில் வந்த ஜுரத்தின் தடயம் அத்தனை ஆண்டுகள் நிற்குமா என்பதிலும் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

முடிவைக் கேட்பீர்கள். புதிய சீரங்களில் கோடு இறங்கியது. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் தாண்டினார்கள். பிரகாஷின் தடுப்பூசி அடுத்த கட்டத்துக்குப் போனது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. நாளை கொசுவுக்கு முன்னால் அது நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. கோட்டைத் தாண்டுவது வேறு, காய்ச்சலைத் தடுப்பது வேறு.

ஆனால் அந்தப் புதிய முகாமைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். மறுபடி சாம்பியன் ரீப்ஸ், மறுபடி ஞாயிறு. "பேக்டரி வூட்டுப் பொண்ணு இந்தத் தபா குடுக்கலியா?" என்று யாரோ சீண்டினார்கள். "என் ரத்தம் ஆகாதுங்க, ஷிப்ட் ஜுரம் பார்த்தது" என்றார் மேடம். தாஸ் அண்ணன் அதைக் கேட்டுப் பெருமையோடு தன் மார்பைத் தட்டிக்கொண்டார். கேள்வி கேட்கும் மேசையில் நான் உட்காரவில்லை. தானே கேட்பதாகச் சொல்லிப் பிரகாஷ் உட்கார்ந்திருந்தான்.

கன்னியம்மா அக்கா தன் முறை வந்ததும் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இன்னா நைனா, ரொம்ப எளைச்சிட்டே. உனுக்கு எது ஆவும், சொல்லு."

பிரகாஷ் பேனாவைக் கீழே வைத்தான்.

"எனுக்கு எதுவும் ஆவ வேணாம்க்கா. உங்களுக்கு இன்னா வந்துச்சு, அத்த சொல்லுங்க. ஞாபகம் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."